பெஞ்ச் பிளாக், பட்டடை: வாங்குவதிலும் பராமரிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், என்னிடம் வெள்ளி வேலை கற்றுக்கொள்ள வரும் ஒரு பெண் வீட்டில் செய்த ஒரு ஜோடி காதணியைக் கொண்டுவந்து காட்டினார். முன்பக்கம் நன்றாக வந்திருந்தது, சுத்தியல் தடம் ஒவ்வொன்றும் அரிசி அளவில் சீராக விழுந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். இரண்டு காதணியின் பின்பக்கத்திலும் நகத்தால் அழுத்தியது போல ஒரு பிறைக் கோடு, அதே அளவு, அதே வளைவு. "தேய்ச்சு எடுத்துட்டேன் அக்கா, அடுத்த பீஸ்லயும் திரும்ப வருது" என்றார். அவருடைய பெஞ்ச் பிளாக்கை, அதாவது தகட்டை வைத்துத் தட்டும் தட்டையான ஸ்டீல் கட்டியை, எடுத்துவரச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்ததும் தெரிந்துவிட்டது. நட்ட நடுவில் அந்தப் பிறை உட்கார்ந்திருந்தது.

தகட்டைத் தட்டும்போது நம் கண் சுத்தியல் மேலேயே இருக்கிறது. ஆனால் வெள்ளி நசுங்குவது இரண்டு இரும்புக்கு நடுவில். மேலே இருக்கும் சுத்தியல் முகத்தை மெருகேற்றி, துணியில் சுற்றி, பத்திரமாக வைக்கிறவர்கள்கூட கீழே இருக்கும் பிளாக்கைத் தேநீர் டம்ளர் வைக்கும் பலகை மாதிரி நடத்துகிறார்கள். அந்தப் பெண்ணின் பிளாக்கில் நடந்தது இதுதான்: சுத்தியல் சாய்ந்து, தகட்டைத் தாண்டி, வெறும் இரும்பில் பட்டிருக்கிறது. பள்ளம் விழும்போது ஒதுங்கிய இரும்பு அதன் விளிம்பில் உதடு மாதிரி எழும்பி நிற்கும், விரல் நுனியால் தடவினால் தட்டுப்படும். அந்த உதடுதான் ஒவ்வொரு தகட்டிலும் கோடு கிழிக்கிறது. காதணியைத் தேய்த்துப் பயனில்லை, பிளாக்கைத்தான் தேய்க்க வேண்டும்.

சரி, முதலில் வாங்கும்போது நடக்கும் தவறுகள். பளபளப்பைப் பார்த்து வாங்குவதுதான் அதில் பெரியது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல பிளாக்குகள் எம்.எஸ். எனப்படும் சாதா இரும்பில் அறுத்து மேலே முலாம் பூசியவை. கண்ணாடி மாதிரி மின்னும். நான் வாங்கிய முதல் பிளாக் அப்படித்தான் இருந்தது, ஆறு மாதத்தில் நடுப்பகுதி குழிந்து, ஓரத்தில் முலாம் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. உரிந்த ஒரு செதில் தகட்டுக்கு அடியில் போனால் அன்றைய வேலை அவ்வளவுதான். சாதா இரும்பில் கார்பன் மிகக் குறைவு, அதனால் அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் சொல்லிக்கொள்ளும்படி கடினமாகாது. யூடியூப் பார்த்து வீட்டிலேயே கடினமாக்கிக்கொள்ளலாம் என்று வாங்கிவிடாதீர்கள்.

சோதிக்க ஒரு அரம் போதும். பிளாக்கின் அடிப்பக்க மூலையில் ஒரு நல்ல அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் கடித்துப் பொடி உதிர்ந்தால் அது மென்மையான இரும்பு. கண்ணாடி மேல் இழுத்தது போல வழுக்கி, கிரீச் என்று சத்தம் வந்தால் துவைச்சல் ஏறிய, அதாவது காய்ச்சி முக்கிக் கடினமாக்கிய இரும்பு. கடைக்காரர் முகம் சுளிக்கலாம், அடிப்பக்கம்தானே என்று சொல்லுங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம்: சிலவற்றில் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டிருக்கும், அரத்துக்கு அதுவும் வழுக்கும். முதல் இரண்டு வருடம் நன்றாக உழைக்கும், பிறகு ஒருநாள் சாணை பிடித்துச் சமப்படுத்தினால் அந்தத் தோல் போய் உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வெளியே வந்துவிடும். அதனால் முழுவதும் கடினமா, மேல்தோல் மட்டுமா என்று கேட்டே வாங்குங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. ஓ.ஹெச்.என்.எஸ். என்பது எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும் ஒரு வகை டூல் ஸ்டீல். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் டூல் ஸ்டீல் விற்கும் கடையில் உங்களுக்கு வேண்டிய அளவில் அறுத்துத் தருவார்கள். அச்சு, டை செய்கிறவர்கள் தினமும் வாங்கும் சரக்குதான் இது. அம்பத்தூர் பக்கம் ஹீட் ட்ரீட்மெண்ட் செய்யும் இடங்களும், முகத்தை மெஷினில் சமமாகச் சாணை பிடிக்கும் சர்ஃபேஸ் கிரைண்டிங் இடங்களும் நிறைய. இந்த ஸ்டீலைச் சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, பிறகு 200 டிகிரி வாக்கில் மறுபடி சூடாக்கி எடுத்தால் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58, 60 வரும். அந்த இரண்டாவது சூட்டை விட்டுவிடக் கூடாது. எண்ணெயில் முக்கியதோடு கொண்டுவந்தால் கடினம் இருக்கும், ஆனால் ஓங்கி ஒரு அடியில் மூலை கண்ணாடி மாதிரி தெறிக்கும். துண்டு ஒன்றுக்கு மட்டும் போனால் சிலர் எடுக்க மாட்டார்கள், நாலு பேர் சேர்ந்து நாலு துண்டாகக் கொடுத்தால் வேலை நடக்கும்.

அளவு விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். காதணி, பென்டன்ட் செய்கிறவர்களுக்கு இரண்டரை அங்குலச் சதுரம், முக்கால் அங்குலக் கனம் போதும், எடை 600 கிராம் வரும். காப்பு, கழுத்தில் போடும் கெட்டி வளையம் என்று போனால் நாலு அங்குலம், அது ஒன்றரைக் கிலோ. கனத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அரை அங்குலத்துக்குக் கீழே போனால் அடிக்கு அடி துள்ளும்.

பட்டடை வாங்குகிறவர்கள் ஏமாறுவது வடிவத்தில். கொம்பு இருக்கிறது, இடுப்பு இருக்கிறது, பார்க்க பட்டடை மாதிரியே இருக்கிறது, ஆனால் வார்ப்பிரும்பு. அச்சில் ஊற்றி எடுத்துப் பெயின்ட் அடித்தது. வார்ப்பிரும்பு நொறுங்கும் இயல்புள்ளது, ஓரத்தில் அடித்தால் சில்லு பெயரும், பெயர்ந்த சில்லு கண்ணுக்கு வரும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. பட்டடையைக் கெட்டியான தரையில் வைத்து, ஒரு பேரிங் குண்டை 10 அங்குல உயரத்திலிருந்து விடுங்கள். நல்ல ஸ்டீல் என்றால் எட்டு அங்குலம் போலத் துள்ளி எழும். வார்ப்பிரும்பு என்றால் பாதிகூட வராமல் தொப்பென்று விழும். அப்புறம் கொம்பைத் தடவிப் பாருங்கள். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு மேட்டுக் கோடு நீளவாக்கில் ஓடும். அதை அரம் போட்டு, உப்புத்தாள் போட்டு எடுக்காமல் காப்பை வளைத்தால் உள்பக்கம் முழுக்க அந்தக் கோடு பதியும், கையில் போடுகிறவருக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

தண்டவாளத் துண்டு பற்றியும் பலர் கேட்கிறார்கள். கெட்டியான, எடையுள்ள இரும்புதான். நம் ரயில் பாதைகளில் இருப்பது மீட்டருக்கு 52 கிலோ அல்லது 60 கிலோ, ஆகவே ஒரு அடித் துண்டே 16, 18 கிலோ வரும். ஆனால் அதன் தலைப்பகுதி சமமாக இருக்காது, சக்கரம் ஓடுவதற்காக லேசாகக் குமிழ்ந்திருக்கும். அதை அப்படியே வைத்துத் தகட்டைத் தட்டையாக்கப் பார்த்தால் தட்டத் தட்ட வளையும், ஏன் வளைகிறது என்றும் புரியாது. மெஷினில் கொடுத்துச் சமப்படுத்தியே ஆக வேண்டும். அதோடு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத துண்டை வாங்கவே வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முறையாக ஏலம் எடுத்த பழைய இரும்பு வியாபாரியிடம் பில் போட்டு வாங்கலாம்.

வாங்கியாயிற்று, எங்கே வைப்பது? நடு மேஜையில் வைப்பது தவறு. மேஜைப் பலகை ஸ்பிரிங் மாதிரி அதிர்ந்து அடியின் பலத்தை வாங்கிக்கொள்ளும், நீங்கள் பத்து அடியில் முடிக்க வேண்டியதை இருபது அடி அடிப்பீர்கள், மணிக்கட்டு வலிக்கும். மேஜையின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுத் தட்டிப் பாருங்கள், அது குதித்தால் உங்கள் பலம் அங்கேதான் போகிறது. மேஜைக் காலுக்கு நேர் மேலே வையுங்கள். இன்னும் நல்லது மரக்கட்டை. நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் தரையில் உட்கார்ந்து, கட்டையில் பதித்த பட்டடையில்தான் வேலை செய்கிறார்கள், அந்த ஏற்பாட்டில் வீணாகும் அடியே கிடையாது. கறிக்கடையில் இருக்குமே, அந்த மாதிரி புளியமரக் கட்டை ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்குச் சத்தம் ஒரு பிரச்சினைதான், அதற்காகத் தடிமனான ஸ்பாஞ்சில் வைத்தால் பிளாக் மிதக்கும். மணல் நிரப்பிய தோல் பை வாங்குங்கள், இல்லையென்றால் மெல்லிய ரப்பர் விரிப்பு போதும்.

இனி தினசரி வேலையில் நடப்பவை. வெள்ளியின் தரத்தைக் காட்டும் 925 பஞ்ச் அடிப்பதையும் தகட்டை மெருகாகத் தட்டுவதையும் ஒரே முகத்தில் செய்யாதீர்கள். பஞ்ச் ஒரு முறை வழுக்கினால் அந்த எண் பிளாக்கில் விழுந்து, அதன் பிறகு நீங்கள் செய்யும் எல்லாவற்றின் முதுகிலும் இடவலம் மாறி அச்சேறும். பிளாக்கின் ஒரு பக்கத்தில் மார்க்கரால் எழுதி, அதைப் பஞ்ச் வேலைக்கும் முரட்டு வேலைக்கும் ஒதுக்கிவிடுங்கள். வளைந்ததை நேராக்க மட்டும் வேண்டும், கனம் குறையக் கூடாது என்றால் சுத்தியலே வேண்டாம், கொட்டாப்புளியோ நைலான் சுத்தியலோ எடுங்கள். கை பிசகினாலும் பிளாக்குக்கு ஒன்றும் ஆகாது.

பொடி வைத்து ஊதிய (சால்டர் செய்த) பிறகு பீஸின் மேல் வெங்காரம் உருகிக் கண்ணாடியாக உறைந்திருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அப்படியே பிளாக்கில் வைத்துத் தட்டினால் அது நொறுங்கித் தூளாகும், அந்தத் தூள் வெள்ளிக்குள்ளே பதியும், மெருகிட்ட பிளாக்கிலும் கீறல் போடும். திராவகத்தில் போட்டு எடுத்து, தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிறகு, வெங்காரம் முழுக்கக் கரைந்ததா என்று விரலால் தடவி உறுதி செய்யுங்கள். பிறகு துணியால் ஒற்றி, துளைக்குள்ளும் மடிப்புக்குள்ளும் ஈரம் இல்லாமல் காயவைத்து, அதன் பிறகே பிளாக்குக்குக் கொண்டுவாருங்கள். ஈரத்தோடு வைத்தால், சாப்பிட்டு வருவதற்குள் அந்தப் பீஸின் வடிவத்திலேயே துரு பூத்திருக்கும். திராவகக் கிண்ணத்தை மூடி வையுங்கள், பிளாக்கை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், ஆவி போதும் துரு ஏற்ற.

பிளாக் மேல் வைத்து ஊதவும் கூடாது. அவ்வளவு பெரிய இரும்பு சூட்டை உறிஞ்சிவிடும், பொடி ஓடாது. விடாமல் ஊதினீர்கள் என்றால் இரும்பில் வைக்கோல் நிறம் வரும், பிறகு நீலம் வரும். நீலம் வந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், அங்கே துவைச்சல் இறங்கிவிட்டது. ஆங்கிள் கிரைண்டரால் பிளாக்கைச் சமப்படுத்துகிறேன் என்று கிளம்பினாலும் இதே கதிதான், கூடவே மேடு பள்ளமும் வரும்.

துருவுக்கு வருவோம். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் விரல் ரேகையே துருவாக மாறும், வியர்வையில் உப்பு இருக்கிறதே. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பரப்புங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நாளாக ஆக அது பிசுபிசுப்பாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். எந்த எண்ணெயாக இருந்தாலும் மறுநாள் துடைத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும், ஏனென்றால் உப்புத்தாளிலிருந்து உதிர்ந்த துகள் அந்த எண்ணெயில்தான் ஒட்டியிருக்கும். பழைய துணியில் சுற்றி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் துணி ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும். மூடியுள்ள டப்பா, உள்ளே மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு, அது போதும்.

துருவோ கீறலோ வந்துவிட்டால் கையில் உப்புத்தாளைப் பிடித்து அந்த இடத்தை மட்டும் தேய்ப்பது தவறு, அங்கே குழி விழும். ஒரு கெட்டியான கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை விரித்து, நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, பிளாக்கைக் கவிழ்த்து அதன் மேல் நகர்த்துங்கள். முதலில் முகம் முழுக்க மார்க்கரால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டால் எங்கே தேய்கிறது, எங்கே இன்னும் பள்ளம் என்று தெரியும். 220 நம்பர் தாளில் ஆரம்பித்து 400, 600, 1000. ஒவ்வொரு தாள் மாற்றும்போதும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றி, முந்தைய தாளின் கோடு முழுக்க மறையும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். ஆழமான பள்ளம் என்றால் கையால் முடியாது, சர்ஃபேஸ் கிரைண்டிங்குக்குக் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பெண்ணும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அவருடைய பிளாக்கைத் தேய்த்தோம். உதடு முதல் கால் மணி நேரத்திலேயே போய்விட்டது. பிறையும் மதியத்துக்குள் மறைந்தது, மூலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு புள்ளி மட்டும் போகவில்லை. அதைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டுக்கொண்டார், அந்த மூலைக்குத் தகட்டைக் கொண்டுபோவதில்லை.