4000 மில்லிமீட்டர் 5000 ஆன கதை

ஜார்ஜ்டவுன் கடைவீடு ஒன்றின் ஆட்டோகேட் மென்பொருள் வரைபடத்தில் நகர்த்திய தூண், மேலிருந்து பார்க்கையில் சரியான இடத்தில் நின்றும், அடுத்த தூணுக்கு உள்ள 4000 மில்லிமீட்டர் இடைவெளியை, தொலைவை அளக்கும் டிஸ்ட் கட்டளை 5000 என்றே காட்டியது. அலகுகளை மாற்றினேன், மென்பொருளை மறுபடி நிறுவினேன், மூன்று நாள் வீண்.

அதே கட்டளையின் கடைசி வரியை, பலரைப் போல நானும் படிக்காமல் விட்டிருந்தேன்: டெல்டா இசட், அதாவது உயர வித்தியாசம், 3000. கிடையாக 4000, உயரத்தில் 3000; அதனால்தான் சாய்வாக அளந்த தொலைவு 5000. மூவ் கட்டளையால் தூணை நகர்த்தியபோது, கோட்டு முனைகளைத் தானாகப் பிடிக்கும் ஸ்நாப், கீழ்த்தளக் கோட்டுக்குப் பதிலாக, அதற்கு நேர்மேலே இருந்த மாடிக் கோட்டின் முனையைப் பிடித்து, தூணையும் உயரே தூக்கிவிட்டது.

மூவில் அடிப்படைப் புள்ளியாக 0,0,-3000 என்று தட்டி, இரண்டாம் புள்ளி கேட்டபோது எதுவும் தராமல் என்டரை மட்டும் அழுத்தியதும், அந்த எண்களே நகர்வுத் தொலைவாகி, தூண் தரைக்கு இறங்கியது. பின், ஸ்நாப் தான் பிடிக்கும் புள்ளியின் உயரத்தைப் புறக்கணிக்கும்படி, ஓஸ்நாப்இசட் என்ற அமைப்பு மாறியை 1 ஆக்கினேன்.