ஹிரோசாகி சகுரா விழாவுக்குப் பயணத்திட்டம் வகுப்பது எப்படி?

சகுரா என்னும் செர்ரிப் பூக்களைப் பார்க்க முதன்முறையாக ஜப்பான் செல்பவர்களில் பலர், மார்ச் கடைசி வாரத்தில் டோக்கியோவுக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டு, பூக்கள் முந்திக்கொண்டாலோ பிந்திவிட்டாலோ என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். சோமெய் யோஷினோ என்னும் வகைதான் ஜப்பான் முழுவதும் மிகுதியாக நடப்பட்டிருக்கிறது. அந்த வகை மரங்கள் யாவும் ஒட்டுக்கட்டிப் பெருக்கப்பட்ட ஒரே மரபணு கொண்டவை என்பதால், ஓர் ஊரில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பூத்து ஒரே நேரத்தில் உதிர்ந்துவிடும். முழு மலர்ச்சி ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. இடையில் ஒரு பலத்த மழை பெய்தால் அதுவும் இல்லை. ஆனால் பூக்கும் எல்லை தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது. அந்த எல்லையோடு சேர்ந்து நகரக்கூடிய ஒரு பயணத்தை வகுப்பது எப்படி என்பதை, அவோமோரி மாகாணத்து ஹிரோசாகி நகரின் சகுரா விழாவை நடுப்புள்ளியாக வைத்து இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: ஏன் ஹிரோசாகி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

சுகாரு குலத்தார் 1611இல் கட்டி முடித்த ஹிரோசாகிக் கோட்டையைச் சுற்றியுள்ள பூங்காவில் 50க்கும் மேற்பட்ட வகைகளைச் சேர்ந்த சுமார் 2,600 செர்ரி மரங்கள் நிற்கின்றன. அவற்றுள் 1882இல் நடப்பட்ட ஒரு சோமெய் யோஷினோ மரம் இன்றும் பூக்கிறது. அறுபது, எண்பது ஆண்டுகளில் தளர்ந்துவிடும் என்று சொல்லப்படும் வகைக்கு இது வியப்பான ஆயுள். இதற்குக் காரணம் ஆப்பிள். ஜப்பானின் ஆப்பிள் விளைச்சலில் பாதிக்கும் மேல் அவோமோரி மாகாணத்திலிருந்து வருகிறது. அந்தத் தோட்டங்களில் கிளை கழிக்கும் முறையை ஹிரோசாகியின் மரக்காவலர்கள் செர்ரிக்கும் கையாண்டார்கள். “செர்ரியை வெட்டுகிறவனும் முட்டாள், ப்ளம்மை வெட்டாதவனும் முட்டாள்” என்று பழமொழி சொல்லும் நாட்டில் இது துணிச்சலான செயல்தான். இளங்கிளைகள் மீண்டும் மீண்டும் தழைப்பதால், இங்கே ஒரு மொட்டிலிருந்து விரியும் பூக்களின் எண்ணிக்கையும் மற்ற ஊர்களைவிட அதிகம். நிழற்படங்களில் இம்மரங்கள் பஞ்சுப்பொதிபோல் அடர்ந்து தெரிவது அதனால்தான்.

இரண்டாம் படி: நாட்களை நிர்ணயித்தல்

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். டோக்கியோவில் சராசரியாக மார்ச் 24ஆம் தேதி முதல் பூக்கள் விரிந்து, மார்ச் 31ஆம் தேதி முழு மலர்ச்சி வரும். ஹிரோசாகியில் இது ஏப்ரல் 20ஐ ஒட்டித் தொடங்குவதே வழக்கம் என்றாலும், அண்மை ஆண்டுகளில் ஏப்ரல் நடுப்பகுதியிலேயே பூத்துவிடுவதும் உண்டு. விழா மே 5ஆம் தேதி வரை நீள்வது வழக்கம் என்பதால், விழா நடக்கும் நாட்களும் பூ நிற்கும் நாட்களும் ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். விழாக் கடைகள் இருக்கும், கிளைகளில் தளிர் மட்டுமே இருக்கும்.

முன்கணிப்புகளைப் படிக்க இரண்டு சொற்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். ‘கைகா’ என்பது பூக்கத் தொடங்குதல். ஒவ்வோர் ஊரிலும் குறித்துவைத்த மாதிரி மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்ததும் அது அறிவிக்கப்படுகிறது. ‘மன்காய்’ என்பது முழு மலர்ச்சி. எண்பது விழுக்காடு பூக்கள் விரிந்த நிலை. ஜப்பான் வானிலை முகமை 2010இலிருந்து முன்கணிப்பை நிறுத்திக்கொண்டு, பூத்ததைப் பார்த்து அறிவிக்கும் பணியை மட்டும் செய்கிறது. முன்கணிப்புகளை இப்போது தனியார் வானிலை நிறுவனங்கள் குளிர்காலத்திலிருந்தே வெளியிட்டு, அவ்வப்போது திருத்துகின்றன. மொட்டுகள் குளிர்காலக் குளிரில் துயில் கலைந்து, பிறகு வெயிலின் வெப்பத்தை நாள்தோறும் சேர்த்துக்கொண்டு விரிவதால், பிப்ரவரி, மார்ச் மாத வெப்பநிலை தெரியவரும்போதுதான் கணிப்பு நம்பத் தக்கதாகிறது. ஜனவரிக் கணிப்பை வைத்து விமானச் சீட்டு எடுக்கலாம்; ஹிரோசாகியில் நிற்கும் நாளைத் தீர்மானிக்கக் கூடாது.

ஹிரோசாகி நகராட்சி தன் பூங்காவுக்கெனத் தனிக் கணிப்பு வெளியிடுகிறது. அதில் வெளி அகழி மரங்களுக்கும் உட்பூங்கா மரங்களுக்கும் தனித்தனி நாட்கள் இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

ஒரு நாள் முந்துவதா, பிந்துவதா என்று தயங்கினால், பிந்துவதையே நான் பரிந்துரைப்பேன். முழு மலர்ச்சிக்கு மூன்று நாள் முன்னால் சென்றவருக்கு அரைகுறை மொட்டுகளே கிடைக்கும். நான்கைந்து நாள் கழித்துச் சென்றவருக்கோ, உதிர்ந்த இதழ்கள் அகழி நீரை மூடி இளஞ்சிவப்புப் பாய் விரித்தாற்போல் கிடக்கும் காட்சி கிடைக்கும். ஜப்பானியர் இதை ‘ஹனாய்கடா’, அதாவது பூந்தெப்பம் என்கிறார்கள். ஹிரோசாகிக்கென்றே பலர் வருவது இதைக் காணத்தான்.

மூன்றாம் படி: விசாவும் விமானச் சீட்டும்

மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத் தேவை. ஒருமுறை நுழைவதற்கான விசா பொதுவாக வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பயன்படுத்தப்பட வேண்டும் என்பதால், ஆர்வத்தில் டிசம்பரிலேயே விண்ணப்பித்துவிடாமல் பிப்ரவரி இறுதியில் விண்ணப்பியுங்கள். விமானச் சீட்டை ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு தொடங்கி, பத்து நாட்களுக்குக் குறையாமல் எடுங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான பொன்வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தொடர் விடுமுறைகளால் நாடே பயணத்தில் இருக்கும் வாரம் அது.

நான்காம் படி: தங்குமிடத்தை ஹிரோசாகியில் தேடாதீர்கள்

ஹிரோசாகி சிறிய நகரம்; விழாக் காலத்து அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். எனவே, ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் இருக்கும் அவோமோரி நகரில் தங்குங்கள். அறை எளிதாகக் கிடைக்கும் என்பதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பக்கத்து நிலையமான ஷின்-அவோமோரியில் ஷின்கான்சென் அதிவேக ரயில் நிற்பதால், பூ எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் நீங்கள் போகலாம்.

ஹிரோசாகியில் பூ இன்னும் விரியவில்லையானால் தெற்கே செல்லுங்கள். மொரியோகாவில் ரயில் மாறினால், கிடகாமி ஆற்றங்கரையில் சுமார் பத்தாயிரம் மரங்கள் நிற்கும் தென்ஷோச்சிப் பூங்காவுக்கோ, சாமுராய் குடும்பங்களின் கறுத்த மரவேலிகளுக்கு மேல் கண்ணீர்போல் கிளை தொங்கும் செர்ரிகள் நிற்கும் ககுனொடாதேவுக்கோ போய்விடலாம். ஹிரோசாகியில் உதிர்ந்துவிட்டதானால் வடக்கே செல்லுங்கள். கடலடிச் சுரங்கம் வழியாக ஒரு மணி நேரத்தில் ஹொக்கைதோ தீவை அடைந்து, ஹகோடாதேயில் நட்சத்திர வடிவில் அமைந்த கோரியோகாகு கோட்டையின் செர்ரிகளைக் காணலாம். அங்கே பூக்க இன்னும் சில நாள் பிந்தும். ஒரே அறையில் தங்கி மூன்று பூக்காலங்களை எட்ட முடிவது இந்தத் திட்டத்தின் பலம். பத்து நாட்களில் முதல் இரண்டையும் கடைசி இரண்டையும் டோக்கியோவுக்கு ஒதுக்கி, நடுவிலுள்ள நாட்களுக்குக் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ரயில்

டோக்கியோவிலிருந்து ஷின்-அவோமோரிக்கு ‘ஹயாபுசா’ ரயில் மூன்று மணி நேரத்தை ஒட்டிச் சென்று சேரும். அங்கிருந்து சாதாரண ரயிலில் ஹிரோசாகி. ஹயாபுசாவில் எல்லா இருக்கைகளும் முன்பதிவு இருக்கைகளே. பதிவு ஒரு மாதம் முன்னதாகத் திறக்கும். ஒருவழிக் கட்டணம் 18,000 யென்னை ஒட்டி வரும். நாடு முழுவதற்குமான ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டதால், வெறுமனே போய்வருவதற்கு அதை வாங்குவது நட்டம். கிழக்கு ஜப்பானுக்கு மட்டுமான பாஸ்களின் அன்றைய விலையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆறாம் படி: பூங்காவில் ஒரு நாள்

நிலையத்திலிருந்து பூங்கா ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். பேருந்து உண்டு, நடந்தும் போகலாம். காலை ஏழு மணிக்கு முன் சென்றுவிட்டால், காற்று எழுவதற்கு முன் அகழி நீரில் மரங்களின் நிழல் கலையாமல் தெரியும். வெளி அகழியைச் சுற்றிவிட்டு, கூட்டம் சேர்வதற்குள் மேற்கு அகழிக்குப் போய், இருபுறமும் கிளைகள் வளைந்து கூரையிட்ட செர்ரிச் சுரங்கத்தில் நடங்கள். அங்கே வாடகைப் படகுகளும் கிடைக்கும். கோட்டையின் உள்வட்டத்துக்கு மட்டும் நுழைவுக் கட்டணம் உண்டு. வானம் தெளிந்திருந்தால் 1,625 மீட்டர் உயரமுள்ள இவாகி மலை பனி மூடிய உச்சியோடு அங்கிருந்து தெரியும் என்பதால் அதைத் தவறவிட வேண்டாம். அங்குள்ள கோபுரம் 1810இல் எழுப்பப்பட்டது. அடித்தளக் கற்சுவரைச் செப்பனிடுவதற்காக, 2015இல் அதைப் பிரிக்காமல் அப்படியே எழுபது மீட்டர் தள்ளி நகர்த்திவைத்தார்கள்.

மதியம் ஓய்வெடுத்துவிட்டு, விளக்கேற்றும் நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். பகலில் மெல்லிய கம்பளிச் சட்டை போதும். இரவில் வெப்பநிலை ஐந்து பாகைக்குக் கீழே இறங்கக்கூடும் என்பதால் கனமான மேலங்கி, காதை மூடும் தொப்பி இரண்டும் கையில் இருக்கட்டும்.

சைவ உணவினருக்கு ஓர் எச்சரிக்கை. இறைச்சி இல்லை என்று சொல்லித் தரப்படும் நூடுல்ஸ் சூப்பிலும் ‘தாஷி’ என்னும் சாறு பெரும்பாலும் கலந்திருக்கும். அது சூரை மீனை உலர்த்திச் சீவி எடுப்பது. இலங்கைச் சமையலில் மாசிக் கருவாடு அறிந்தவர்களுக்கு அந்த மணம் உடனே பிடிபடும். புளிப்பும் உப்புமாக ஊறிய ‘உமெபோஷி’ என்னும் பழ ஊறுகாய் வைத்த சோற்றுருண்டையைக் கேட்டு வாங்குங்கள். உப்பு நார்த்தங்காய் பழகிய நாவுக்கு அது அந்நியமாக இராது. மூவண்ண மாவுருண்டையான ‘தாங்கோ’வும், நகரத்துக் கடைகள் ஒவ்வொன்றும் தன் கைப்பக்குவத்தில் சுடும் ஆப்பிள் பையும் உண்டு, அந்தப் பலகாரத்தில் முட்டை இருக்குமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமர ஒரு விரிப்பையும், குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு பையையும் கொண்டு செல்லுங்கள். நிழற்படத்துக்காகக் கிளையை வளைத்துப் பிடிக்காதீர்கள், வேர்ப்பகுதியின் மேல் விரிப்பை விரிக்காதீர்கள். அவோமோரிக்குத் திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தைக் காலையில் நிலையத்தை விட்டு வெளியேறும்போதே குறித்துக்கொள்ளுங்கள். விளக்கொளியில் மேற்கு அகழியைச் சுற்றத் தொடங்கியபின் கடிகாரம் நினைவுக்கு வராது.