கொடியேறின பிறகு ஆள் பழக்காதீர்கள்

யாழ்ப்பாணத்து ஹோட்டல்களில் நான் அதிகம் பார்த்த தவறு, ஆட்களைப் பழக்கும் காலத்தைப் பற்றியது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் 25 நாள் திருவிழா. கனடா, லண்டன், சுவிஸிலிருந்து நம்மவர்கள் வந்து குவியும் காலமும் அதுதான். கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் நாலு பெடியன்களைச் சேர்த்து, "மற்றவன் செய்யிறதைப் பார்த்துச் செய்" என்று விட்டுவிடுகிறார்கள். தேருக்கு முதல் நாள் அறையெல்லாம் நிரம்பியிருக்கும்போது யார் சொல்லிக் கொடுப்பது? புதியவன் மற்றவனுடைய அவசர வழிகளைத்தான் பழகுவான். விரிப்பை மாற்றாமல் உதறிப் போடுவான், குளியலறையில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்துவான். சித்திரை, வைகாசியிலேயே ஆளை எடுங்கள். காலியாகக் கிடக்கும் அறையில் பழக்குங்கள். அந்த மாதங்களின் சம்பளம் வீண் செலவு இல்லை.

அடுத்தது, யாருக்காக ஹோட்டல் நடத்துகிறோம் என்பதை முதலாளி தன் மனதுக்குள்ளேயே வைத்திருப்பது. நயினாதீவுக்கு நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போகிறவர்களும் வருகிறார்கள், நாகவிகாரைக்குப் போகும் சிங்களக் குடும்பங்களும் வருகிறார்கள். 2019இல் பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு சென்னையிலிருந்து நேராக வந்து இறங்குகிறார்கள். 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தது. நண்டுக்கறி தேடி வருபவரும் விரதக்காரரும் ஒரே மேசைக்கு வருவார்கள். யாரை முக்கியமாக நம்பியிருக்கிறோம் என்று முடிவெடுத்தால்தான், வரவேற்பில் நிற்பவருக்குச் சிங்களம் பழக்குவதா, குசினியில் சைவத்துக்குச் சட்டி அகப்பையைத் தனியாக வைப்பதா என்பது தெரியும். அந்த முடிவு இல்லாமல் கொழும்பிலிருந்து ஆள் கூப்பிட்டு ஒரு நாள் வகுப்பு வைத்தால், புன்னகை மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு விடியற்காலை நடந்ததைச் சொல்கிறேன். நெடுந்தீவுப் படகைப் பிடிக்கக் குறிகட்டுவானுக்குப் போக வேண்டும் என்று ஒரு குடும்பம் ஐந்தரைக்கே கீழே வந்து நின்றது. காலைச் சாப்பாடு ஏழரைக்குத்தான். கட்டிய காசில் அதுவும் சேர்த்தி, நாலு பேருக்குக் கட்டித் தர முடியுமா என்று தாய் கேட்டார். குசினியில் அப்போதே இடியப்பம் அவிந்துகொண்டிருந்தது, வாசம் வாசல்வரை வந்தது. வரவேற்பில் நின்ற பெடியன் நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னான்: "மனேஜர் எட்டு மணிக்குத்தான் வருவார், அவரிட்டைக் கேட்டுத்தான் சொல்லலாம்." அவர்கள் வெறும் வயிற்றோடு வாகனத்தில் ஏறினார்கள். அவனுக்குப் பயிற்சி இருந்தது, அதிகாரம்தான் இல்லை. கேட்காமல் எதுவரை செய்யலாம் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இவ்வளவு தொகைக்குள் நீயே முடிவெடு என்று சொல்லாத வரை எந்தப் பயிற்சியும் வாசலைத் தாண்டாது.

சீசன் இல்லாத மாதங்களில் அறை விலையை வெட்டுவதையே திட்டமாக நினைப்பதும் தவறுதான். மலிந்த விலையைத் திருப்பி ஏற்றுவது கஷ்டம்.

"பழக்கினால் டுபாய்க்கோ கட்டாருக்கோ போய்விடுவான்" என்று முதலாளிமார் சொல்வார்கள். சிலர் போவார்கள், உண்மைதான். ஆனால் போகாமல் இருந்திருக்கக்கூடியவர்களும் போனதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் பெரும்பாலும் சம்பளத்தைவிடச் சேவைக்கட்டணத்தைத்தான் சொல்வார்கள். பில்லில் 10 சதவீதம் எடுக்கிறார்கள், அது எவ்வளவு சேர்ந்தது, எப்படிப் பிரிந்தது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. மாதம் முடிந்ததும் அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். பாத்திரம் கழுவும் அம்மாவின் பங்கும் அதில் இருக்கட்டும்.