பரண் மேல் இருந்த அவசரப் பை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூன்று நாள் கரண்ட் இல்லை. தண்ணீர் வடிந்த கையோடு வீட்டில் ஓர் அவசரப் பை தயார் செய்தோம். நான்கு பேருக்கு மாற்றுத் துணி, போர்வை, இரண்டு டார்ச், நைலான் கயிறு, பத்திர நகல்கள், அவல், பிஸ்கட் என்று சேர்ந்துகொண்டே போய் எட்டு கிலோ ஆனது. பரண் மேல் ஏற்றி வைத்தோம்.

அடுத்த ஆண்டு அக்டோபர் மழையில், வேலை முடிந்து கிளம்பிய என் மனைவி வேளச்சேரிப் பக்கம் பேருந்திலேயே நான்கு மணி நேரம் மாட்டிக்கொண்டாள். போனில் ஆறு சதவீதம் சார்ஜ். தலைவலிக்கு மாத்திரை இல்லை. பர்ஸில் இருந்தது ஒரே ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டு. அவசரத்துக்கென்று நாங்கள் கட்டிய பையோ பரண் மேல் இருந்தது.

பலரும் செய்கிற முதல் தவறு இதுதான். வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் எடுக்கும் பை வேறு, தினமும் கூடவே வரும் பை வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் பை கனத்துவிடும். கனமான பையை நாலு நாள் தூக்குவோம், ஐந்தாம் நாள் வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். தினசரிப் பை பிள்ளைகளின் பென்சில் பவுச்சைவிடக் கொஞ்சம் பெரிதாக, தண்ணீர் பாட்டிலைச் சேர்க்காமல் அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். கைப்பைக்குள்ளோ லேப்டாப் பைக்குள்ளோ அப்படியே போட்டுவிடலாம்.

ஆபத்து நம் வீட்டு வாசலுக்குத்தான் வரும் என்று நினைத்துப் பை கட்டுவதும் தவறுதான். 2023 டிசம்பர் 17 அன்று திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஏறத்தாழ 800 பயணிகள். அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. பாதைக்கு அடியில் மண் அரித்துப் போக, பலர் 19ஆம் தேதி வரை ரயிலிலேயே இருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அவர்களில் பலரும் மறுநாள் காலையில் சென்னையில் இறங்கிவிடலாம் என்று ஏறியவர்கள்.

போன் இருந்தால் போதும் என்று இருப்பது இன்னொன்று. பணம், அடையாள அட்டை, டார்ச், உறவினர் எண்கள் என எல்லாமே அதற்குள் இருக்கின்றன. போன் அணைந்தால் இவை அத்தனையும் சேர்ந்து போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்போன் சிக்னலும் இல்லை, பல ஏடிஎம்களும் வேலை செய்யவில்லை. யுபிஐ வந்ததே அதற்கு அடுத்த ஆண்டுதான். இன்று அப்படி ஒரு வெள்ளம் வந்தால் கையில் நோட்டு வைத்திருப்பவர்கள் அன்றைவிடக் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆகவே பத்து, இருபது, ஐம்பது, நூறு என்று சில்லறையாக ஐந்நூறு ரூபாய் வையுங்கள். ஐந்நூறு ரூபாய் ஒரே நோட்டாக இருந்தால் ஆட்டோக்காரரிடமும் டீக்கடையிலும் அது உதவாது. ஒரு காகிதத்தில் நான்கைந்து எண்களை எழுதி வையுங்கள். வீட்டு எண்களோடு 112, 108, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 ஆகியவையும் இருக்கட்டும். பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். பல ஜெல் பேனாக்களின் மை ஈரம் பட்டால் கரைந்துவிடும்.

பவர்பேங்க் வாங்கும்போது 10,000 எம்ஏஎச் என்ற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. வோல்டேஜ் மாறுவதிலும் சூட்டிலும் கொஞ்சம் போய், போனுக்கு வந்து சேருவது ஆறாயிரம் சொச்சம்தான். பெட்டியின் மேல் சிறிய எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஒரு நாளைச் சமாளிக்க 10,000 போதும், 20,000 வேண்டாம், கனம். மாதம் ஒரு தடவை சார்ஜ் போடுங்கள். வண்டி சீட்டுக்கு அடியில், வெயிலில் வேகும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். உப்பியிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், ஆனால் குப்பைத் தொட்டியில் அல்ல, மின்கழிவு வாங்குபவரிடம். அப்புறம், கேபிள். இப்போது இருக்கும் போனுக்குப் பொருந்துகிற கேபிளா என்று பாருங்கள். பழைய போனின் கேபிள் பையிலேயே கிடந்துவிடுவது நிறையப் பேருக்கு நடக்கிறது.

மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் நான்கு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள். காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஓர் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். வெட்டிய துண்டில் அது வராமல் போகலாம், சில சமயம் பெயரே பாதிதான் இருக்கும். ஆறு மாதம் கழித்து அது எதற்கான மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. தேதி இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், அல்லது ஒரு சிறு கவரில் போட்டுப் பெயர், அளவு, தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாளைக்கானதைத் தனியாக வைத்து, மாதா மாதம் புதியதை வைத்துப் பழையதைச் சாப்பிட்டுவிடலாம். மருந்துச் சீட்டின் நகல் ஒன்றும் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்கவும் வாய்ப்புண்டு. அந்த நேரத்தில் ஆஸ்பிரினும் இபுபுரூபனும் ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். அதனால் காய்ச்சலுக்கும் வலிக்கும் பையில் பாராசிட்டமால் மட்டும் போதும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று கட்டாயம். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை இறங்குகிற நேரத்தில், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் அளவு உடனே உள்ளே போக வேண்டும். சர்க்கரை போடாத பிஸ்கட் அப்போது உதவாது. சர்க்கரை நோயாளி என்பதாலேயே பையில் இனிப்பு எதுவும் இல்லாமல் அனுப்புகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

வயிற்றுப்போக்கில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ் பொட்டலத்திலும் கவனம் வேண்டும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் குடித்தால் உப்பு மிஞ்சிவிடும், குழந்தைகளுக்கு அது ஆபத்து. பைக்கு 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமே வசதி. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானத்தை ஓ.ஆர்.எஸ் என்று நினைத்து வாங்காதீர்கள்.

காயத்துக்குப் பஞ்சு வைக்கிறோம். பஞ்சு இழை காயத்தில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது மறுபடி ரத்தம் வரும். கடையில் ‘காஸ்’ என்று கேட்டால் மெல்லிய வலைத்துணி தருவார்கள், இரண்டு பொட்டலமும் ஒரு சுருள் பிளாஸ்திரியும் போதும். ரத்தம் கொட்டினால் அதை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காமல். பேண்ட்எய்டு நம் ஊர்ச் சூட்டில் பசை இளகிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

டார்ச்சில் பேட்டரியைப் போட்டே வைத்தால் மாதக்கணக்கில் கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போகும். பரணிலிருந்து இறக்கிய எங்கள் டார்ச் இரண்டில் ஒன்று அப்படித்தான் ஆகியிருந்தது, ஸ்பிரிங் துருவேறி ஒடிந்தே விட்டது. பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

சாப்பிட என்று சாக்லேட்டும் சிப்ஸும் வேண்டாம். ஒன்று உருகும், மற்றது தாகத்தைக் கூட்டும். கடலைமிட்டாய் நல்லது, ஆனால் அதுவும் மாதக்கணக்கில் கிடந்தால் காறல் வாடை அடித்துவிடும். மாதம் ஒரு முறை தின்றுவிட்டுப் புதியதை வைத்தால் வீணாகாது.

விசில், நான்கு ஊக்கு, ஒரு கைக்குட்டை, சானிட்டரி நாப்கின் இரண்டு, கண்ணாடி போடுகிறவருக்குப் பழைய கண்ணாடி. எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு அப்புறம் பைக்குள் வையுங்கள். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருக்கும் பையிலும் தையல் வழியாக, ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கும்.

கடைசியாக ஒன்று, எடுத்ததைத் திரும்ப வைக்காமல் விடுவது. தலைவலிக்கு ஒரு மாத்திரை எடுப்போம், ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் எடுப்போம். இரண்டு மாதத்தில் உள்ளே வெறும் கவர்தான் மிஞ்சும். போன வாரம் தாம்பரம் ரயிலில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது. என் மனைவி தன் பையிலிருந்து ஊக்கை எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, நேரே தையல் டப்பாவைத் திறந்து இன்னொரு ஊக்கை எடுத்து உள்ளே போட்டாள்.