உலகக் கோப்பை வெள்ளி நாணயங்கள்: வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்து உலகக் கோப்பையையொட்டி வெளியான நினைவு நாணயங்கள் எல்லாமே வெள்ளி என்று எண்ணுவதுதான் புதிதாகச் சேகரிப்போர் செய்யும் முதல் தவறு. 1986 போட்டிக்காக மெக்சிகோ வெளியிட்ட 25, 50, 100 பெசோ நாணயங்கள் வெள்ளி. பொதுப் புழக்கத்துக்கு வந்த 200 பெசோ நாணயமோ செம்பு-நிக்கல் கலவை. அர்ஜென்டினாவின் 1978 வரிசையில் 1000, 2000, 3000 பெசோ மட்டுமே வெள்ளி. ஸ்பெயின் 1982-ஐ முன்னிட்டு அச்சிட்ட 100 பெசெட்டாவில், எவ்வளவு பளபளத்தாலும், வெள்ளி இல்லை. காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. வெள்ளியைப் போலவே இந்தச் செம்பு-நிக்கல் கலவையும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. எடையையும் விட்டத்தையும் அளந்து, நாணய அட்டவணையில் உள்ள அளவுகளோடு ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி.

வெள்ளிதான் என்று உறுதியான பிறகும் அதன் தரத்தைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. மெக்சிகோவின் 100 பெசோ, சாதாரண அச்சில் 720 தரத்திலும் (அதாவது ஆயிரம் பங்கில் 720 பங்கு தூய வெள்ளி), கண்ணாடிபோல் மின்னும் ப்ரூஃப் அச்சில் 925 தரத்திலும் வந்தது. 2006 போட்டிக்காக ஜெர்மனி 2003 முதல் வெளியிட்ட 10 யூரோ நாணயங்கள் 18 கிராம் எடையும் 925 தரமும் கொண்டவை. ஆகவே ஒன்றில் இருக்கும் தூய வெள்ளி 16.65 கிராம். இந்தக் கணக்கைப் போடாமல், விற்பவர் சொல்லும் 'அரிது' என்ற ஒற்றைச் சொல்லுக்காகப் பல மடங்கு கொடுப்பவர்கள் ஏராளம்.

நாணயத்தில் உள்ள ஆண்டு போட்டி நடந்த ஆண்டோடு பொருந்தவில்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்குவதும் தவறே. 1977 என்று பொறித்த அர்ஜென்டினா நாணயங்களும் அசல்தான். போட்டிக்கு முன்பே வெளியிடத் தொடங்குவது வழக்கம். முகமதிப்போ வெளியிட்ட நாட்டின் பெயரோ இல்லாத வட்டத் தகடு, பெரும்பாலும் தனியார் அடித்த பதக்கமாகவே இருக்கும்.

வாங்கிய பின் செய்யும் தவறுகளில் மிகக் கொடியது துலக்குவது. வீட்டு வெள்ளிச் சாமான்களைத் திருநீறோ பல்பொடியோ போட்டுத் தேய்த்துப் பழகிய கை, ப்ரூஃப் நாணயத்தின் பரப்பில் ஆயிரம் கீறல்களை விட்டுவிடும். இயல்பாகப் படிந்த கருமையைச் சேகரிப்போர் பொறுத்துக்கொள்வார்கள், கீறலைப் பொறுக்க மாட்டார்கள். பிவிசி கலந்த மலிவான பிளாஸ்டிக் உறைகளையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் நாளடைவில் அவை நாணயத்தின் மேல் பச்சைநிறப் பிசுக்கைப் படியவிடும்.