வெட்டுத்துண்டும் விதையும்: தேயிலை நடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தலைமுறையினர் செய்த அதே தவறுகளை, இன்று நாற்று வாங்க வரும் சிறுதோட்ட உடைமையாளர்களும் செய்வதைக் காண்கிறேன். நிழல், நீர், மண்ணின் அமிலத்தன்மை ஆகியவற்றில் நேரும் பிழைகளை எவரும் சொல்லித் தருவர். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நல்ல செடியின் விதை அதே செடியைத் தரும் என்று நம்புதல்

தராது. தேயிலை தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. விதையின் தாய் நமக்குத் தெரியும். தந்தை எந்தச் செடியென்று தெரியாது.

மலை முழுவதும் ஒரே வகையை நடுதல்

இதைக் காணும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஓர் இலையும் அதன் கக்கத்து மொட்டும் சேர்ந்த சிறு துண்டைத் தாய்ச் செடியிலிருந்து வெட்டி, வேரூன்றச் செய்து பெறுவதே வீ.பீ. தேயிலை. இடையில் மகரந்தச் சேர்க்கை இல்லாததால், தாயின் பரம்பரையலகுகள் அப்படியே துண்டுக்கும் வந்துவிடுகின்றன. ஆகவே மலையில் ஐயாயிரம் செடிகள் நின்றாலும், அவை ஒரே வகையாயின், பரம்பரையளவில் அங்கே நிற்பது ஒரே ஒரு செடிதான்.

இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாப் பக்கத்தில் ஓர் இளைஞர் தம் நிலம் முழுவதும் ஒரே வகையை நட்டிருந்தார். "எல்லாம் ஒரே மட்டமா வளந்திருக்கு, பாருங்கண்ணே" என்று காட்டினார். மட்டக்கம்பை வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத மலைதான். ஆனால் மூடுபனி விலகாத மழைக்காலம் வந்தபோது கொப்புள நோயும் வந்தது. இளந்தளிரில் முதலில் குண்டூசித் தலையளவு ஒளி ஊடுருவும் புள்ளி தோன்றும். பின்னர் அந்த இடம் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் வெண்பூச்சுடன் புடைத்துக்கொள்ளும். அவர் நட்டிருந்த வகை இந்நோயைத் தாங்காதது என்பதால், மலையின் உச்சி முதல் அடிவாரம் வரை கொழுந்து ஒரே விதமாகக் கெட்டது. ஓடைக்கரையில் மிஞ்சியிருந்த பழைய விதைத் தேயிலையிலோ, ஒரு செடி கொழுந்தெல்லாம் வெளுத்து நிற்க, அதை ஒட்டிய செடி ஏறத்தாழ நோயின்றி நின்றது. 1946இல் இந்நோய் இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டில் பெரும்பாலும் விதைத் தேயிலையே இருந்ததால், தாங்கும் செடிகளைத் தேடி எடுக்க இடமிருந்தது.

நெல்லாயின் அடுத்த போகத்தில் விதையை மாற்றிக்கொள்ளலாம். தேயிலையில் தவறைத் திருத்த வேண்டுமானால், செடிகளைப் பிடுங்கி, குவாத்தமாலா புல் வளர்த்து மண்ணை ஒன்றரை ஆண்டளவு தேற்றி, மறுபடி நட்டு, முதற்கொழுந்துக்கு மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவ்வளவு காலம் வருமானமின்றி எந்தக் குடும்பம் தாங்கும்?

வகையின் எண் வேறானால் குருதி வேறு என்றும் எண்ணிவிட வேண்டாம். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த 2023, 2025, 2026 என்ற எண்ணுள்ளவை சிறந்த வகைகளே. ஆயினும் அவை ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாயின் பிள்ளைகள். வாங்கும்போது எண்ணோடு தாயையும் கேளுங்கள். வேறு வேறு தாய்வழி வகைகளைத் தெரிந்து, வரிசையில் கலக்காமல் தனித்தனிப் பாத்தியாக நடுங்கள். பறிப்பும் கவ்வாத்தும் அப்போது தடுமாறா.

விதை என்றாலே பல்வகைமை என்று கொள்ளுதல்

1869இல் மடுல்சீமையில் காணப்பட்ட இலைத்துரு நோய் பின்னர் நாட்டின் கோப்பிப் பயிரையே அழித்தது. அந்தக் கோப்பி விதையிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. தோட்டங்களில் பரவிய செடிகளின் மூலமும் மிகக் குறுகியது. விதை வழியே வந்தும் அவை ஒன்றையொன்று ஒத்திருந்தன. பல்வகைமைக்கு விதை மட்டும் போதாது. அந்நிய மகரந்தம் வேண்டும்.

ஆணிவேரை மறத்தல்

துண்டிலிருந்து வளரும் செடிக்கு உண்மையான ஆணிவேர் இல்லை. வரட்சி மிகுந்த சரிவில் இதை முதலில் நினையுங்கள்.

முதிய விதைத் தேயிலையைப் பிடுங்கிய பின் யோசித்தல்

ஒவ்வொரு விதைச் செடியும் தனிச் சேர்க்கை. பிடுங்கிவிட்டால் அதே செடி எந்த விதையிலிருந்தும் திரும்பாது. நோயிலும் வரட்சியிலும் நிமிர்ந்து நின்ற செடிகளை முன்கூட்டியே அடையாளமிட்டு, கவ்வாத்துக்குப் பின் வளரும் கிளைகளில் துண்டெடுத்து, அவை வேரூன்றிய பிறகே மண்வெட்டியை எடுங்கள்.