அந்நியரைச் சேர்த்துக்கொள்ள: மலைச் சபைகளுக்குச் சில வழிகள்

டிசம்பர் பிறந்து, சபையில் பழைய கம்பளி உடுப்புகளைத் திரட்டுகிறோம் என்று அறிவிப்பு வந்தால் நான் எழுந்து, யாருக்கு, எந்த ஊருக்கு என்று கேட்டுவிடுவேன். கேட்கக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரியிலிருந்து மூன்று மூட்டை ஸ்வெட்டர்களைப் கீழ்நாட்டில் பவானிசாகரில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமுக்குக் கொண்டுபோனவர்களில் நானும் ஒருத்தி. மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போதே எங்களுக்கு வியர்த்தது. அப்போதும் உறைக்கவில்லை. முகாமில் எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னோம், பேனரைப் பிடித்துப் படம் எடுத்தோம். என்னிடம் ஸ்வெட்டர் வாங்கிய ஓர் அக்கா அதைப் போட்டுப் பார்க்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஈரமும் விறகுப் புகையும் கலந்த வாசம். “குளிர் ஊர் வாசம், தங்கச்சி. எங்கள் தோட்டத்து லயத்தில் இப்படித்தான் இருக்கும்” என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். அக்கா இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்தில் பிறந்தவராம். நானும் அட்டன் பக்கத்தில் பிறந்தவள்தான்.

அகதிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் சபைகள் முதலில் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். என் அப்பா இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுத்தார். 1973-ல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரிக்குத் தேயிலை வேலைக்கு வந்தோம். எங்களுக்குப் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அந்த அக்காவின் அப்பா இலங்கைக் குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுத்தார். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள். 1990-ல் சண்டை மூண்டபோது அங்கிருந்தும் கிளம்பி, மன்னார்க் கரையில் படகேறினார்கள். அவர்களும் வந்து இறங்கியது அதே மண்டபத்தில். வெள்ளையர் காலத்தில் எங்கள் பாட்டன்மாரை இலங்கைக்கு அனுப்புமுன் தங்கவைத்திருந்ததும் அங்கேதான். அந்த அக்காவுக்குப் பெயர் ‘அகதி’. ஒரே மலை, ஒரே லயம், ஒரே கொழுந்துக் கூடை. நான் ஓட்டுப் போடுகிறேன், அவர் போட முடியாது.

ஆகவே யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் சிலோன்காரர் என்று சொல்லப்படுபவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற தாயகம் திரும்பியோர், இந்தியக் குடிமக்கள். போருக்குத் தப்பி வந்தவர்களில் பலர் கீழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள், மற்றவர்கள் காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வசிக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் தேவைகள் வேறு. பெயரிலும் கவனம் வேண்டும். 2021-லிருந்து தமிழக அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்றே எழுதுகிறது. அகதி என்றால் கதியற்றவர். ஒரு பிள்ளையைப் பெற்றவள் முன்னால் அந்தப் பிள்ளையை அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

முகாமுக்குள் வெளியார் நினைத்தபடி நுழைய முடியாது. வருவாய்த் துறையிடம் சபையின் கடிதத்தாளில் எழுதி, வருகிறவர்களின் பெயர், நாள், நோக்கம் எல்லாம் குறிப்பிட்டு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் நாளை ‘செக்கிங்’ என்பார்கள். அன்று எல்லாரும் நேரில் நிற்க வேண்டும், அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஆறேழு பேருக்கு மேல் போகாதீர்கள். பேனர் வேண்டாம். படம் எடுப்பதை அறவே விட்டுவிடுங்கள்.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லுவோம். பசியாயிருந்தவனுக்கு ‘போஜனங்கொடுத்தீர்கள்’ என்று வருகிறது. அந்நியனுக்கு வரும்போது வினைச்சொல் மாறுகிறது: ‘அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்.’ கொடுப்பதற்கு ஒரு மூட்டை போதும். சேர்த்துக்கொள்ள நம் பெஞ்சில் நாம் நகர்ந்து உட்கார வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீலகிரியின் படகர் சமூகத்துப் பாட்டி ஒருவர். 1973-ல் நாங்கள் முதல் ஞாயிறு கோயிலுக்குப் போனபோது கடைசிச் சுவரோரம் நின்றோம். யாரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அந்தப் பாட்டி திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். தன் வெள்ளைப் போர்வையின் ஒரு முனையை என் தோளில் போட்டு, பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் பிடித்தார். எனக்கு அப்போது ஏழு வயது. அடுத்த வாரம் எங்கள் லயத்துக்கு வந்து அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். அதன் பிறகுதான் மற்றவர்கள் எங்களிடம் பேசினார்கள்.

அதனால், போனதும் எதையும் பங்கிடாதீர்கள். கையில் கொஞ்சம் வர்க்கி கொண்டுபோங்கள், விருந்துக்குப் போகிறவர் கொண்டுபோகும் அளவுக்கு. அவர்கள் தருவதைச் சாப்பிடுங்கள். அந்த அக்கா வீட்டில் எனக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கிடைத்தன. மிளகாயை அம்மியில் வைத்துத் தட்டிய பதம்கூட என் அம்மா கைப்பதம்தான். போரில் யாரை இழந்தீர்கள் என்று கேட்காதீர்கள். சொல்லத் தோன்றும்போது அவர்களே சொல்லுவார்கள். மூன்றாவது வருகையில்தான் அக்கா தன் தம்பியைப் பற்றிப் பேசினார். ஜெபிக்கட்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் அத்தோடு நிறுத்துங்கள். முகாமில் இந்துக் குடும்பங்கள் நிறைய உண்டு. உதவிக்கு விலையாக ஜெபத்தை வைப்பது கர்த்தருடைய காரியம் ஆகாது.

பிறகு வேலை. முகாம்களில் ஆண்கள் பலர் பெயின்ட் அடிப்பவர்கள். கிறிஸ்துமஸுக்கு முன் நம் கோயில்களுக்கு எப்படியும் வண்ணம் பூசுகிறோம். அந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள், கோத்தகிரியில் மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதே கூலிக்கு. முகாம்காரர்தானே என்று குறைத்துப் பேசுகிற கமிட்டி, லேவியராகமம் 19-ல் ‘சுதேசிபோல’ என்றிருப்பதை ஒருமுறை சத்தமாக வாசிக்கட்டும். வெளியே இரவு தங்க அவர்களுக்கு அனுமதி வேண்டும், அதற்கான கடிதத்தை நாம் எழுதிக்கொடுக்க வேண்டும். நம் ஸ்வெட்டர்களுக்கு உரிய இடமும் இதுதான். மலையேறி வந்த பத்துப் பேருக்கு நவம்பர் இரவில் அவை பயன்பட்டன.

காகித விஷயத்தில் ஒரு வழக்கறிஞரைக் கூட்டிப்போங்கள். நாமே சட்டம் சொல்ல வேண்டாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள்: 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்களைச் சட்டம் பிறப்பால் குடிமக்கள் என்கிறது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த அடிப்படையில் பாஸ்போர்ட் கொடுக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் பெட்டிக்கு அடியிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்த தாளை எடுப்பார்கள். அதை நகலெடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொடுப்பதே பெரிய உதவி. கிறிஸ்தவக் குடும்பமானால், ஞானஸ்நானப் பதிவேடு எந்தக் கோயிலில் இருக்கிறது என்று தேடிக்கொடுங்கள். சபைக்காரர்களுக்கு அது எளிது.

கிளம்பும்போது அடுத்த வருகையின் தேதியைச் சொல்லிவிட்டு வாருங்கள். ‘இன்னொரு நாள் வருகிறோம்’ என்ற பேச்சை அவர்கள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் ஈஸ்டர் கழிந்த இரண்டாம் சனிக்கிழமை போகிறோம். அக்கா இந்த முறை தேயிலைத் தூள் கேட்டிருக்கிறார், புழுதித் தூள் வேண்டாமாம், இலைத் தூள்தான் வேண்டுமாம்.